அக்கா, ஆபரேஷன் வேண்டாம்

அன்பிற்கும் அச்சத்திற்கும் உரிய அக்காவுக்கு, தம்பி எழுதுவது. இங்கே என் இடுப்பைத் தவிர அனைவரும் நலம். அங்கே அத்தானும் உன் இடுப்பும் எப்படி?

இடுப்பு மூட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு ஆபரேஷன் ஆன மறுநாள் காலையிலேயே பிசியோதெரபி பெண் வந்து, "எழுந்திருங்க சார், நடக்கலாம்" என்றாள். "எங்கம்மா?" என்றேன். "கதவு வரைக்கும்." முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். "முதல்ல வாக்கர், அப்புறம் ஆபரேஷன் கால், அப்புறம் நல்ல கால்" என்றாள். நான் மூன்றையும் ஒன்றாக எடுத்தேன். அவள் பிடித்தாள், பிழைத்தேன்.

வீட்டுக்கு வந்தால் கால் மேல் கால் போடக்கூடாது, குனியக்கூடாது, தாழ்ந்த இருக்கையில் உட்காரக்கூடாது. கழிவறையில் இருக்கைக்கு மேல் இன்னொரு இருக்கை வைத்து உயர்த்தியிருக்கிறார்கள்; உட்கார்ந்தால் சபாநாயகர் மாதிரி இருக்கிறது. பேனா விழுந்தால்கூட, "குனிஞ்சீங்க, அக்காவுக்குப் போன் போட்டுடுவேன்!" என்று மிரட்டுகிறாள் என் மனைவி. அவள் கடைக்குப் போன நேரம் ஆசைக்கு சோபாவில் உட்கார்ந்தேன். சோபா விழுங்கிவிட்டது. எழவே முடியவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மின்சார மீட்டர் பார்க்க வந்தவர்தான் தூக்கி நிறுத்தினார். "என் வீட்டம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினேன். "அவங்க உங்களுக்குப் பின்னாலதான் நிக்கறாங்க சார்" என்றார்.

ஒரு நாள் செருப்பு மாட்ட வராமல் அழுதேவிட்டேன், அக்கா. அத்தானிடம் சொல்லாதே. ஆகவே, வலித்தாலும் சொந்த இடுப்பு சொந்த இடுப்புதான். ஆபரேஷன் வேண்டவே வேண்டாம்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு, உட்கார்ந்தபடியே ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பாதி இரும்பான உன் தம்பி

பின்குறிப்பு: உறையைப் பிரித்து, அஞ்சல் நிலையத்தில் நூலில் கட்டிவைத்த பேனாவால் இதை எழுதுகிறேன். ஆபரேஷன் ஆகி இன்றோடு இருபத்தைந்து நாள். கைத்தடியோடு நானே நடந்து வந்தேன்; மனைவி பத்தடி பின்னால், யாரோ மாதிரி. நாலு வருடமாக இந்தத் தெருவில் பேக்கரி வாசலில் ஒருமுறை, மருந்துக்கடை வாசலில் ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்று இரண்டையும் எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை. அந்த வலி இல்லை, அக்கா. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நாளைக்கே தேதி வாங்கு. நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன். நிற்கத்தான் இப்போது முடிகிறதே.