தேத்தண்ணியில் முக்கியெடுத்த ராசா

இனிமேல் இந்த வீட்டில் காலைத் தேத்தண்ணி போடுவதில்லை என்று நான் முடிவெடுத்தேன். அடுப்பைச் சாட்சியாக வைத்து எடுத்த முடிவு. அந்த நேரம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்ததால் கண்ணில் தண்ணீர் வேறு. பார்த்தவர்கள் உணர்ச்சி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் இலை காயவைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நாற்பது வருடம் நின்றவன் நான். நான் காயவைத்த தூளைச் சீமையில் குடித்துவிட்டு, "இதைக் காயவைத்த புண்ணியவான் யார்?" என்று கேட்டுக் கடிதமே போட்டார்கள். கடிதத்தை எலி தின்றுவிட்டது. இல்லாவிட்டால் இங்கேயே ஒட்டிக் காட்டுவேன்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம். என் மனைவி பெரியாயிக்கு இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி. விடிந்ததும் அவள் கொழுந்து பறிக்க ஓட வேண்டும். ஆகவே தேத்தண்ணி என் இலாகா ஆனது. குறை சொல்வது அவள் இலாகா.

"என்னாங்க இது? சாயம் பத்தல."

"நேத்து சாயம் கூடிப்போச்சுன்னியே?"

"நேத்துக் கூடிப்போச்சு. இன்னைக்கிப் பத்தல. நாப்பது வருசமா ஸ்டோர்ல என்னாத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

இப்படி ஆயிரம் காலைகள். எந்த ஆண்மகன் பொறுப்பான்? நான் பொறுத்தேன். ஆனால் அன்றைக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அதற்கு முதல் நாள்தான் நான் ராசா ஆகியிருந்தேன்.

அது எப்படி என்று சொல்கிறேன். கொழும்பில் இருந்து ஒரு படக் கம்பனி வந்து எங்கள் மலையில் ராசா படம் எடுத்தது. உடுப்பு முழுவதும் பதுளை பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் முன்ஸிப்பின் பொறுப்பு. கிழட்டு ராசாவாக நிற்க வெலிமடையில் இருந்து வரவேண்டிய மனிதர் காலைச் சுளுக்கிக்கொண்டார். உடுப்போ அவர் அளவுக்குத் தைத்தாகிவிட்டது. ஆளுக்கு உடுப்புத் தேடுவது உலக வழக்கம். முன்ஸிப் உடுப்புக்கு ஆள் தேடினான். அளவு நாடாவோடு தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் லயமாக, ஏறி இறங்கினான். எண்பது ஆண்களை அளந்த பிறகு என் தோளில் நாடாவை வைத்தவன், "அல்லாஹ்வே, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு!" என்று கத்தினான்.

"நடிக்கத் தேவல்லண்ணே. பேசவும் தேவல்ல. பாறையில நின்டு கீழ பாக்கணும். நாட்டைப் பறிகொடுத்த ராசா."

"பறிகொடுத்த மூஞ்சி ஏற்கெனவே இருக்கு தம்பி. கலியாணமாகி முப்பத்தேழு வருசம்."

உடுப்பைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மார்புக் கவசம் என்று அவன் நீட்டியது குளியலறை வாசலில் போடும் ரப்பர் மிதியடி. அதில் தங்கப் பெயின்ட். கிரீடம் காட்போட் மட்டை. மாணிக்கம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கடலைப்பருப்பு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கீழே வைத்ததும் பக்கத்து லயத்துக் கோழி வந்து இரண்டு மாணிக்கத்தை விழுங்கிவிட்டுப் போனது. முதுகுப் பக்கம் கவசமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. நாலு ஊசியும் என் பழைய பெனியனும்தான்.

"முன்ஸிப், பின்னுக்கு ராசாவக் காணோமே?"

"பின்னுக்குக் கமரா வராதுண்ணே. ராசா முன்னுக்கு மட்டும்தான்."

சரி, மானம் போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு பாறையில் ஏறி நின்றேன். ஒத்திகைக்கு மார்பு வரைக்கும் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு டைரக்டருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன டீவியில் அதை ஓடவிட்டார்கள்.

நான் நிறையப் பொய் சொல்கிறவன். இதில் ஒரு சொல் பொய் இல்லை. அந்த மிதியடி தங்கமாகிவிட்டது. கடையில் தொங்கும் புதுத் தங்கம் இல்லை, நாலு தலைமுறை போர் பார்த்த தங்கம். பருப்பு ஒவ்வொன்றும் உள்ளேயிருந்து எரிந்தது. நமுனுகுல மலைப் பக்கத்தில் இருந்து வந்த பனிமூட்டம் அந்தக் கிழவரின் தோளுக்குக் கிட்ட வந்து, தொடலாமா என்று தயங்கி, ஒதுங்கிப் போனது. அவர் கண்ணில் ஒரு நாடே அழிந்து கிடந்தது. என் கை தானாகக் குவிந்தது. கும்பிட்டு முடித்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

ஒரு மனிதன் தனக்கே கும்பிடு போட்ட பிறகு மறுநாள் காலையில் அடுப்பு ஊத முடியுமா? அதுதான் முடிவெடுத்தேன்.

பெரியாயி சிரித்தாள். சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"ராசாவா? ஒங்களையா? அங்க ஆள் பாத்தாங்களா, அளவு பாத்தாங்களா?"

"நீ நேர்ல பாத்தா ஒன்னயறியாம எந்திரிச்சு நிப்ப."

"முப்பத்தேழு வருசமா எந்திரிக்காதவ, இப்பவா எந்திரிக்கப் போறேன்?"

"பந்தயம் வச்சுக்குவோமா? நீ எந்திரிச்சா அன்னையிலருந்து காலத் தேத்தண்ணி ஒன்னோடது."

"எந்திரிக்காட்டி?"

"அந்தித் தேத்தண்ணியும் நானே போடுறேன். சாகுற வரைக்கும்."

"யாரு சாகுற வரைக்கும்?" என்று அவள் கேட்டாள். விவரமானவள்.

வாய் பெருமைக்குச் சொல்லிவிட்டேனே தவிர, அவள் உடுப்பை நேரில் பார்த்தால் என் கதை முடிந்தது. மிதியடியைக் கண்டால் காலைத் துடைத்துவிட்டுப் போவாள். டீவியில்தான் அவள் என்னைப் பார்க்க வேண்டும். முன்ஸிப்பிடம் போய் விசயத்தைச் சொன்னேன்.

"அக்காவ டீவிக்கிட்டக் கதிரை போட்டு இருத்துறது என் பொறுப்பு. நீங்க எனக்கு ஒரு உதவி செய்யணும்ண்ணே" என்று ஒரு புது வெள்ளை வேட்டியையும் சால்வையையும் எடுத்துக் கொடுத்தான். "இதத் தேத்தண்ணியில முக்கித் தாங்க."

"தேத்தண்ணியிலயா?"

"வெள்ளைய அப்படியே கட்டினா கமராவுல டியூப் லைட் மாதிரி அடிக்கும். ராசா மூஞ்சியே தெரியாது. தேத்தண்ணியில ஊறினாத்தான் பழம்பட்டு மாதிரி விழும். நாங்க எல்லா உடுப்பையும் அப்படித்தான் செய்யிற. நீங்க ஸ்டோர் ஆள், ஒங்களுக்கா சொல்லித் தரணும்?"

வாழ்நாளெல்லாம் துணியில் தேத்தண்ணி பட்டதற்குத் திட்டு வாங்கினவன் நான். வேண்டுமென்றே ஊற்றுவதற்கும் ஒரு தொழில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் வீட்டில் இருந்த அரை டின் தூளையும் கொதிக்க வைத்து, வாளியில் துணியை முக்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஞாயிறு அந்திக்கு முன்ஸிப் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. திங்கள் காலை படம்.

ஞாயிறு காலையில் மீசை திருத்தப் போனேன். ராசா மீசை அல்லவா, நேரமெடுத்தது. திரும்பி வந்தால் லயத்து வாசல் கொடியில் ஏதோ பளீரென்று கண்ணைக் குத்தியது. கிட்டப் போனேன். வேட்டி. சால்வை. கொக்கு பார்த்தால் வெட்கப்படும் வெள்ளை.

"பெரியாயீ!"

"கத்தாதீங்க. வேட்டி முழுக்கத் தேத்தண்ணியக் கொட்டிக்கிட்டு, கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பீலித் தண்ணியில போட்டு அடிச்சு, ரெண்டு தரம் சவுக்காரம் போட்டு, நீலமும் போட்டுருக்கேன். யாரு வேட்டி அது?"

"ராசா வேட்டி புள்ள!"

"ராசாவுக்கும் தேத்தண்ணி சிந்துமா?"

வீட்டில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. முன்ஸிப் வர நாலு மணித்தியாலம்தான். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மிதியடி, பருப்பு, நாலு ஊசி, டீவிக்கிட்டக் கதிரை, ஒன்றும் விடவில்லை. அவள் இடுப்பில் கை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். இதோடு நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் அவள் அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பை நிறையத் தூளை எடுத்தாள். அது அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.

"தள்ளுங்க. ஒங்களுக்குக் காயவைக்கத்தான் தெரியும். கறை எனக்குத்தான் தெரியும்."

துணியை ஒரு கொதி காட்டினாள். எடுத்துக் காற்றில் ஆட்டினாள். மறுபடி முக்கினாள். பிறகு மிச்சத் தேத்தண்ணியில் துருப்பிடித்த கவ்வாத்துக் கத்தியைப் போட்டாள். தேயிலைச் செடி வெட்டுகிற கத்தி. தேத்தண்ணி கண் முன்னே கறுத்தது. அதில் வேட்டிக் கரையை மட்டும், விரலளவு, நனைத்து நனைத்து எடுத்தாள்.

காய்ந்ததும் பார்த்தேன். பழைய தேன் நிறம். ஓரத்தில் மட்டும் இருட்டு. நூறு வருடம் பெட்டிக்குள் கிடந்த பட்டு மாதிரி. அந்தியில் முன்ஸிப் வந்தான். துணியைத் தடவித் தடவிப் பார்த்தான். அவளைத் தனியாகக் கூப்பிட்டு வாசலில் நின்று ஏதோ பேசினான். பாராட்டுகிறான் என்று நினைத்து நான் மீசையைக் கவனித்தேன்.

திங்கள் காலை. பாறையில் நான். அறுபது அடி தள்ளி, எனக்கு முதுகு காட்டிய கதிரையில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அவள், எதிரே டீவி. பனி வந்தது. லைட் போட்டார்கள். "பாருங்க ராசா, கீழ பாருங்க" என்றார் டைரக்டர். நான் கீழே என் நாட்டைப் பார்க்காமல் ஓரக்கண்ணால் கதிரையைப் பார்த்தேன்.

அவள் குனிந்து டீவிக்குக் கிட்டப் போனாள். தலைத்துண்டைச் சரிசெய்தாள். பிறகு, மெதுவாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நின்றாள். டைரக்டரும் எழுந்து நின்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, மிதியடிக்குக் கீழேயும்.

முடிந்ததும் ஓடினேன்.

"எந்திரிச்சியா இல்லியா?"

"எந்திரிச்சேன்." அவள் கண் கலங்கியிருந்தது, சத்தியமாக. "அதுல ஒரு ராசா வந்து நின்னாருங்க. அந்தத் துணி மேல வெளிச்சம் பட்டப்ப எனக்கே என் கைய நம்ப முடியல. யாரு பெத்த ராசாவோன்னு எந்திரிச்சுட்டேன். அப்புறம் பாத்தா நீங்க."

"பந்தயம்?"

"பந்தயம் பந்தயந்தான். நாளையிலருந்து காலத் தேத்தண்ணி என்னோடது."

அன்று பூராவும் நான் லயத்தில் நடக்கவில்லை, மிதந்தேன். முப்பத்தேழு வருடத்தில் முதல் வெற்றி.

சொன்ன சொல் தவறாதவள் பெரியாயி. மறுநாள் விடியக் காலை ஐந்து மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினாள். கையில் கோப்பை. ஆவி பறந்தது. சாயம் அளவு, சீனி அளவு. ஒரு வாய் குடித்துவிட்டு ராசா மாதிரி சாய்ந்தேன். வாசலில் ஏதோ உருளும் சத்தம். எட்டிப் பார்த்தால் மூன்று பெரிய அண்டா, ஒரு வண்டி விறகு, மலை மாதிரி வெள்ளைத் துணி.

"என்னா புள்ள இது?"

"படையில அறுபது பேராம். எல்லாத்துக்கும் நம்ம நெறந்தான் வேணுமாம். ஞாயித்துக்கிழமையே முன்ஸிப் தம்பி கேட்டுச்சு, நானும் தோட்டத்துல லீவு சொல்லிட்டுப் பத்து நாளைக்கி வாறேன்னுட்டேன். தொணைக்கி ஒரு ஆள் வச்சுக்கச் சொன்னுச்சு, ஒங்க பேரக் குடுத்துருக்கேன். வெரசாக் குடிச்சிட்டு அடுப்பப் பத்த வைங்க ராசா, மூணு அண்டாவும் கொதிக்கணும்."