நாக்கு ஆயா போட்ட தோப்புக்கரணம்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல எங்க தோட்டத்து ஜனங்க அவனுக்குப் பயந்ததவிட நாக்கு ஆயாவுக்குத்தான் அதிகமாப் பயந்தாங்க. சத்தியமாச் சொல்றேன்.

மலாயாவுல பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம். நாங்க வேலைக்குப் போறப்ப புள்ளைங்கள விட்டுட்டுப் போற கொட்டாய்க்கு அவதான் ஆயா. காலையில மூணு வயசு, நாலு வயசுப் பொடிசுங்க வரிசையா நின்னு நாக்க நீட்டணும். வெளுத்திருந்தா அம்மாவையும் நீட்டச் சொல்வா. ஒருநாள் அதட்ட வந்த கங்காணியும் நீட்டிட்டுத்தான் போனாரு.

அரிசி கண்ணுல படாத நாளு. மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்கு. வெறும் கிழங்கு தின்னா காலு வீங்கும்லான்னு சொல்லி, ஆயா கொட்டாய்க்குப் பின்னால பாத்தி கட்டி, ஆளுக்கொரு வரிசை செங்கீரைய பொடிசுங்களையே வெதைக்க வச்சா. கிள்ளித்தான் எடுக்கணும். வேரோட புடுங்குனா பாத்தி முன்னால மூணு தோப்புக்கரணம். அதுங்க வீட்டுக்கு வந்து அப்பன்மாரையும் மண்ணு கொத்த வச்சிடுச்சுங்க.

எனக்கு வாய்க்கொழுப்பு. எம்மவ என்ன ஆட்டுக்குட்டியா, அவ கையில மண்ணு படக்கூடாதுன்னு லயத்து வீடுங்க முழுக்கக் கேக்கச் சொன்னேன். அதனால லச்சுமிக்கு மட்டும் வரிசை இல்ல.

ரெண்டே மாசம். லச்சுமி காலு வீங்கிப்போச்சு. அமுக்குனா குழி விழுது. பேசின வாயால எப்படிப் போய்க் கேக்கறது? ஒரு மத்தியானம் புள்ளைங்க தூங்கறப்ப புகுந்து, அவசரத்துல ஒரு வரிசைய வேரோட உருவிட்டேன்.

மறுநாள் நாலு வயசு முனியன், தன் வரிசையக் காணோம்னு மண்ணுல பொரண்டு அழுவுறான். ஆயா நாக்கு பாத்துக்கிட்டே வந்தா. லச்சுமி நீட்டுனா. ராத்திரி தின்ன கீரையில கவுனு பூரா செவப்புக் கறை. ஆயா கறையப் பாத்தா, வீங்கின காலப் பாத்தா, அப்புறம் என்னப் பாத்தா. திருட்டுன்னு தெரிஞ்சா எம்மவளக் கொட்டாய்லயே சேக்க மாட்டாங்க.

"அழுவாதடா முனியா. ஆயாதான் புடுங்கிட்டேன். பசி தாங்கல."

"வேரோடயா?"ன்னான் முனியன்.

"வேரோடதான்."

"அப்பப் போடு."

பெருத்த ஒடம்பு, முட்டியில வாதம். காதப் புடிச்சுக்கிட்டு அவ உக்காந்து எந்திரிக்க, பொடிசுங்க எண்ணுதுங்க. தாய்மாருங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மாட்டிக்கக் கூடாதேன்னு எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சேன்.

சாயங்காலம் என் முந்தானையில கொஞ்சம் வெதைய முடிஞ்சு விட்டா.

"லச்சுமி வெதைக்கட்டும். நீ கிள்ளக் கத்துக்க."

வேற ஒண்ணும் கேக்கல. நானும் சொல்லல. லச்சுமி காலு வத்துன பெறகும் சொல்லல.

இப்ப எனக்கும் முட்டி போயிடுச்சு. கீரை கிள்ளறப்ப ஒண்ணு வேரோட வந்துட்டா, காதப் புடிச்சு மூணு போடுறேன். பேத்திங்க சிரிக்குதுங்க, சிரிக்கட்டும். மூணாவதுல எந்திரிக்கவே முடியல. அவ எப்படித்தான் எந்திரிச்சாளோ, மவராசி.