டேமேஜ் அண்ணனும் ஆகாயத்தாமரையும்

கடவுளே நேரில் வந்து நின்றாலும் வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "தோள்பக்கம் ஒரு இழை பிரிஞ்சிருக்குதுங்க" என்று சொல்லக்கூடிய மனிதர் எங்கள் வீதியில் இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. சோமனூர்ப் பக்கம் வந்து டேமேஜ் அண்ணன் என்று கேட்டால்தான் வீடு காட்டுவார்கள்.

தறியிலிருந்து இறங்கும் துணியை விரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. அறுந்த இழையோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் "டேமேஜ்!" என்று ஒரு சத்தம் போடுவார். தறிகுடோனில் தறிகள் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. இவர் சத்தம் மட்டும் மெயின் ரோட்டு டீக்கடை வரைக்கும் கேட்கும். வேலை முடிந்ததும் துணியைத்தான் மடித்து வைப்பார், வாயை மடித்து வைக்க மாட்டார்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். "தப்பா நெனைக்காதீங்க. கெழக்குச் செவுரு கொஞ்சம் சாஞ்சிருக்குதுங்க. டேமேஜுங்க." கல்யாணப் பந்தியில் அப்பளத்தைத் தூக்கி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பார். நான் ஆசை ஆசையாகத் தைத்த புது பேன்ட்டில் கோவைக்கு வேலைக்குக் கிளம்பிய காலையில், பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் முன்னால் என்னை ஒரு சுற்று சுற்றவைத்து, "பின்னாடி தையல் உட்டிருக்குது கண்ணு" என்றார். அன்று முழுக்க நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ராத்திரி கழற்றிப் பார்த்தால், தையல் விட்டுத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். அந்த மனிதர் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லித் தொலைக்க மாட்டார்.

அவருடைய வெள்ளை வேட்டியில் மட்டும் ஒரு பொட்டுக் கறை பார்க்க முடியாது. டீ சிந்திவிட்டால் மிச்ச டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, வேறு வேட்டி கட்டிக்கொண்டு வந்து குடிப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் எங்கள் குட்டையை ஆகாயத்தாமரை பிடித்தது. ஊதாப் பூ என்ன அழகு என்று முதலில் எல்லோரும் ரசித்தோம். ரசித்து முடிப்பதற்குள் செடி மூடித் தண்ணீரையே காணோம். கொசு பெருத்தது. புகார் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பஞ்சாயத்துத் தலைவர் ஒரு நாள் வந்து பார்த்தார். களைக்கொல்லி மருந்து அடித்துவிடலாம் என்று முடிவு சொன்னார்.

பால் கறந்து ஊற்றும் பாப்பாத்தியக்காவுக்கு உயிரே போய்விட்டது.

"ஏனுங் தலைவரே, எம்பட எருமைங்க அந்தத் தண்ணியத்தானுங்க குடிக்குதுங்க. மருந்த ஊத்திப்போட்டீங்கன்னா நான் எங்கீங்க போவேன்?"

தலைவர் நல்ல மனிதர், அவசரக்காரர். "சரீங்க்கா. ஞாயித்துக்கெழம பொழுதுக்குள்ள நீங்களே எடுத்துப்போடுங்க. திங்கக்கெழம காலைல மருந்தோட வாரேன். ஒரே ஒரு செடி கெடந்தாலும் அடிச்சுருவோம். ஒண்ணு இருந்தாப் போதுமுங்க, மறுக்கா குட்டை பூராப் பரவிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை தறிகளுக்கு லீவு. வீதியே திரண்டு குட்டைக்குப் போனது. யாரும் கூப்பிடாமலே டேமேஜ் அண்ணன் குடையோடு வந்து கரையில் நின்றுகொண்டார்.

"இடுப்பளவுக்கு மேல யாரும் போவாதீங்க! லாரி டியூப் இல்லாம எறங்குனா டேமேஜ்! ஒத்தையா எறங்குனாலும் டேமேஜ்!"

வடக்கயிற்றால் செடிக்கூட்டத்தை வளைத்துக் கரையிலிருந்து ஐலசா போட்டு இழுத்தோம். பாய் மாதிரி மொத்தமாக நகர்ந்து வந்தது பாருங்கள், விசில் பறந்தது! உற்சாகத்தில் ஒருவர் அரிவாளை எடுத்து வெட்ட ஆரம்பிக்க, துண்டு துண்டாக மிதந்து போவதை அண்ணன்தான் பார்த்தார். "ஐயோ வெட்டாதீங்க! ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாயிருமுங்க. வேரோட தூக்குங்க!" எடுத்ததைக் கரையில் குவித்தோம். அதுவும் டேமேஜாம், மழை வந்தால் மறுபடி உள்ளே போய்விடுமாம். முனகிக்கொண்டே டிராக்டரில் ஏற்றி, குட்டையை விட்டுத் தள்ளியிருந்த தென்னந்தோப்பில் காயப் போட்டோம். நான் பாய்ந்து ஒரு கொத்தைப் பிடுங்கப் போனேன். "கண்ணு, அது நம்மூரு அல்லி. அத உட்டுரு."

பொழுது சாயும்போது தண்ணீர் தெரிந்தது. அண்ணன் குட்டையைச் சுற்றி வந்தார். "அக்கட்ட கோரைக்குள்ள ஒண்ணு இருக்குதுங்க." இறங்கினோம். மறுபடி சுற்றினார், மறுபடி இறங்கினோம். வாய்க்குள் அவரைத் திட்டாத ஆளில்லை. இருட்டியபிறகுதான், "இப்போதைக்கு ஒண்ணும் தெரியலீங்க" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

திங்கட்கிழமை காலை. மார்கழிக் குளிர். தலைவர் பைக்கில் வந்தார், பின்னால் முதுகில் ஸ்பிரேயரோடு மருந்துக்காரர். வீதி மொத்தமும் கரையில் வரிசையாக நின்றது. தலைவர் பொறுமையாகச் சுற்றிப் பார்த்தார். "பரவால்லீங்களே! சுத்தமாத்தான் இருக்குது."

அப்போது தற்செயலாக டேமேஜ் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்வை போன பக்கம் நானும் திரும்பினேன். தண்ணீரில் நின்றிருந்த எருமைக்குப் பின்னாலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி ஆகாயத்தாமரை மெல்ல மிதந்து வந்துகொண்டிருந்தது. அண்ணனின் வாய் திறக்க ஆரம்பித்தது. அந்த வாயைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா? பாப்பாத்தியக்காவும் பார்த்துவிட்டார். அண்ணனை நோக்கிக் கைகூப்பினார்.

அண்ணன் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. விசில் வரப்போகிற குக்கர் மாதிரி நடுங்கினார். அடுத்த நொடி வெள்ளை வேட்டியோடு, சட்டைப்பையில் பேனாவோடு விறுவிறுவென்று குட்டைக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரில் அந்தச் செடிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் திகைத்துப்போனார். "என்னுங்கண்ணா, வேட்டி சட்டையோட?"

"ஒ... ஒடம்பு சூடுங்க." பல் தந்தியடித்தது.

"பாத்துங்க, சளி புடிச்சுக்கும். சரி, மருந்தெல்லாம் வேண்டாம், வாங்க போலாம்" என்று தலைவர் மருந்துக்காரரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பைக் திருப்பத்தில் மறைந்தது. அண்ணன் எழுந்தார். வேட்டி முழுக்கச் சேறு. வேரோடு செடியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"டேமேஜ்ஜ்ஜ்!"

எருமைகள் மிரண்டு கரையேறின. நாங்கள் கைதட்டிய கைதட்டலில் கொக்கெல்லாம் பறந்தன. பாப்பாத்தியக்கா அழுதுகொண்டே சிரித்தார். "சாமி, நீங்க நல்லா இருக்கோணும்."

"அதெல்லாம் இருக்கட்டுங்க்கா. சேத்துக்குள்ள வெத கெடக்கும். நாளைக்கும் வந்து பாக்கோணும்."

என் துண்டை அவர் தோளில் போர்த்தி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நான் வேலைக்குப் போகும் கோவை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த மனிதரோடு இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்போல இருந்தது.