ஆற்றங்கரைப் பால் பண்ணை ஆய்வில் தோற்ற விவரம்

2025 நவம்பர் 16, ஞாயிறு, மதியம் 2.40. பண்ணையில் மாடுகள் ஏழு, ஆட்கள் இரண்டு, பேசிக்கொள்பவர்கள் பூஜ்யம்.

மடத்தில் இருக்கும் அத்தை சிஸ்டர் லூர்து மேரி அவர்களுக்கு, அண்ணன் மகன் டெனிசன் எழுதுவது. முதலில் சேசு மரி துணை என்று போடச் சொல்வீர்கள், போட்டுவிட்டேன். நான் நலம். அப்பா நலம், பிரஷர் 150/90. உங்கள் முட்டி வலியை விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பண்ணைக்குப் பாரம்பரியக் கட்டடம் என்ற அந்தஸ்து கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் வரப்போகிற லாரி ரோடு வளைந்து போயிருக்கும். இனி நேராகக் கொட்டகைக்குள் போகும். நீங்கள் மூன்று வருடம் மனு போட்டு வரவழைத்த ஆய்வை நான் பத்து நிமிடத்தில் கெடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபது நிமிடம் ஆனது.

புதன்கிழமை காலை அதிகாரி சண்முகசுந்தரம் வந்தபோது நான் நைட் ஷிப்ட் முடித்து வந்து நின்றுகொண்டே இட்லி தின்றுகொண்டிருந்தேன், அப்பா வெள்ளைச் சட்டை போட்டு அவர் கையில் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்து, "எங்க தாத்தா 1912-ல கட்டினது சார், ஆறு எத்தினி வாட்டி உள்ள வந்துச்சு, செவுரு அப்டியே நிக்குது" என்றார், அவரும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ஆள், கம்பெனியில் அளக்காமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடமாட்டேன். "ப்ரூஃப் இருக்கா?" என்றேன். "தம்பி, நானே கேக்கலியே" என்றார் அதிகாரி. ரசமட்டம் வைத்தேன், சுவர் இருபத்திரண்டு மில்லிமீட்டர் சாய்வு, அதையும் சொன்னேன். ஏணி போட்டு ஏறி, கூரையைத் தாங்கும் தண்டவாளத்தின் சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். தயாரித்த வருடம் பளிச்சென்று தெரிந்தது: 1968. அதிகாரி அண்ணாந்து போட்டோ எடுத்த நேரத்தில் செவலை மாடு அவர் கோப்பில் மூன்றாம் பக்கத்தைத் தின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் கையெழுத்து அதில்தான் இருந்தது.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?" என்றார் அப்பா.

"எழுவத்தஞ்சு வருஷம் ஆயிருக்கணும் பெரியவரே. போட்டோல வருஷம் விழுந்துடுச்சு, நான் இன்னா பண்றது" என்று அதிகாரி கோப்பை மூடினார்.

"பரவால்ல சார். பாலைக் குடிச்சிட்டுப் போங்க, ஆறிப்பூடும்" என்றார் அப்பா.

அவர் போன பிறகு அப்பா சொன்னார்: "வெள்ளத்துல கூரை போனப்ப எங்கப்பா போட்ட இரும்புடா அது. செவுருதான் தாத்தா வெச்சது. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. அவரே சுண்ணாம்பு கரைத்து, எழுபத்தொரு வயதில் ஏணி ஏறி, அந்த வருடத்தின் மேல் பூசினார். ஏணியைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று மேலிருந்தே தலையாட்டினார். அன்று முதல் என்னிடம் பேச்சில்லை. எனக்குக் கேட்கும்படி செவலையிடம், "அவனுக்கு சோறு மூடி வெச்சிருக்கேன்னு சொல்லு" என்கிறார்.

நேற்று, ரோடு வந்தால் குடிபோகப் பிள்ளைப்பாக்கத்தில் பார்த்து வைத்திருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்கு அழைத்துப் போனேன். வந்தார். வாட்ச்மேனிடம், "ஏழு மாட்டை எங்க கட்றதுப்பா?" என்று கேட்டார். "வூட்டுக்கு ஒரு பார்க்கிங்தான் பெரியவரே" என்றான். அப்பா சிரிப்பார் என்று பார்த்தேன். பார்க்கிங் கோட்டுக்குள் காலடி வைத்து நீளம் அளந்தார். "ஒண்ணு நிக்கும்" என்று அவனிடமே சொன்னார்.

எப்படியானாலும் அளவு அளவுதான், நான் செய்தது சரி. இனி மனு வேண்டாம், நவநாள் ஜெபமும் வேண்டாம். மடத்தில் எல்லாருக்கும் என் தோத்திரம். ஜெபத்தில் அப்பாவை நினைக்கவும். நேரம் மிச்சமிருந்தால் என்னையும்.

டெனிசன்

பின்குறிப்பு: சரி என்று எழுதியதை அடித்துவிடவும். ஒரு இரும்பைப் பார்த்து மொத்தக் கொட்டகையையும் ரிஜெக்ட் செய்திருக்கிறேன். எங்கள் லைனில் எவனாவது இப்படிச் செய்தால் நானே அவனைக் கிழித்துவிடுவேன். இனிச் செய்யப்போவது:

1. நாளை காலை அதிகாரியிடம் தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்து, சுவருக்கு மறு ஆய்வு கேட்பது.
2. ஊரில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவது.
3. மறு ஆய்வு நாளில் லீவு போடாமல் வேலைக்குப் போய்விடுவது.
4. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்பது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சின்ன வயதில் நீங்கள் சண்டை போட்டால் அவர் எதற்குச் சமாதானம் ஆவார்? உடனே எழுதவும்.