உங்கள் டிவி தற்சமயம் ஆபீசில் இருக்கிறது

வியாசர்பாடி,
9.11.2003

மதிப்பிற்குரிய மச்சான் துரை அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய பீம்ராவ் பணிவுடன் எழுதுவது. ஜெய்பீம். இங்கே நானும் செங்கொடியும் மழையில் நனைந்தாலும் சுகமாகவே இருக்கிறோம். அங்கே தாங்களும் அக்காவும், முக்கியமாக அக்காவின் முழங்காலும், சுகம் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அரக்கோணத்தில் இடி விழுந்து உங்கள் புது டிவி புகைந்துவிட்டதைப் படித்து மிகவும் வருத்தப்பட்டோம். "நான் கொடுத்த பழைய கலர் டிவி உங்கள் வீட்டில் பத்திரமாக இருக்குமல்லவா, பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்ததும் செங்கொடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எழுது. எங்கண்ணன் குடுத்த டிவி எங்க கீதுன்னு உன் கையாலயே எழுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறாள். ஆகவே எழுதுகிறேன். நாங்கள் கறுப்பு வெள்ளைக்கே திரும்பிவிட்டோம். உங்கள் டிவி ராயபுரத்தில் எங்கள் கிளியரிங் ஆபீஸ் மாடியில், ஒரு மரப்பெட்டிக்குள், காய்ந்த சாமந்தி மாலையோடு நின்றுகொண்டிருக்கிறது. பதற வேண்டாம். டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாம் பாஸ்கரால் வந்தது. என் பக்கத்து மேசை பாஸ்கரை உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கல்யாணத்தன்று உங்கள் செருப்பைத் தன்னுடையது என்று மாட்டிக்கொண்டு காசிமேடு வரை நடந்து போய், மறுநாள் கொண்டுவந்து கொடுத்தவன். அவனுடையது கடலுக்குப் போகிற குடும்பம். அண்ணன் தம்பி எல்லாருக்கும் விசைப்படகு. இவனுக்கு மட்டும் படகில் கால் வைத்தாலே குடலைப் புரட்டிக்கொண்டு வரும். அதனால்தான் வலை பிடிக்க வேண்டியவன் எங்கள் ஆபீசில் உட்கார்ந்து கப்பல் சரக்குக்குக் காகிதம் எழுதிக்கொண்டிருந்தான். குப்பத்தில் அவனுக்குக் 'கரை பாஸ்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான், ஆனால் அந்தப் பேரைக் கேட்ட அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மிச்சம் வைத்துவிடுவான்.

ராயபுரம் பாலத்துப் பக்கம் தாவூது பாய் ஒரு வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அங்கே ஒரு படகு கேம் உண்டு. சின்னப் படகு ஒன்று புயலில் மாட்டிக்கொள்ளும், நாம் பாறையில் இடிக்காமல் அதை ஓட்டிக் கரை சேர்க்க வேண்டும். தலை நரைத்த பாஸ்கர் தினமும் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று அதை ஆடிவிட்டு வருவான். அதில் அவனுக்கு வாந்தி வராது. ஒரு நாள் கடைசிக் கட்டம் வரை போய்விட்டான். தூரத்தில் விளக்கு மாதிரி ஏதோ தெரிந்ததாம், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அதற்குப் பிறகு அவ்வளவு தூரம் அவனாலும் போக முடியவில்லை, வேறு யாராலும் முடியவில்லை. விளக்குக்கு அப்புறம் என்ன வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. "கரை வருதா இல்லியான்னு ஒரே ஒரு வாட்டி பாத்துட்டா போதும் பீமு" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். நானும் எத்தனையோ தடவை, "இன்னாடா இது, கொயந்த மாரி" என்று சிரித்திருக்கிறேன்.

இந்த வருஷம் தாவூது பாய் கடையை எடுத்துவிட்டு செல்போன் கடை போட்டார். பாஸ்கரைக் கூப்பிட்டு, "பொட்டியெல்லாம் கரையான் தின்னுட்ச்சு சார். உள்ள கீற போர்டு மட்டும் நல்லா கீது. உங்கள வுட்டா வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?" என்று படகு கேம் போர்டைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவன் மனைவி அங்கம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர், பெட்டியையும் தன்னையும் சேர்த்தே தெருவில் வைத்துவிடுவார் என்பது பாஸ்கரின் பயம். அப்போதுதான் ஆபீசிலேயே ஒரு பெட்டி செய்து வைத்துக்கொள்வோம் என்று நாங்கள் தீர்மானித்தோம். நாங்கள் என்றால் நான், பாஸ்கர், டைப்பிஸ்ட் குணசுந்தரி. முதலாளி கிருஷ்ணப்பன் "இது ஆபீசா, பொருட்காட்சியா?" என்று ஒரு நாள் முழுக்கக் கத்திவிட்டு, சாயங்காலம் போகும்போது "சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். போர்டோடு இணைத்துப் படம் பார்க்க ஒரு டிவி வேண்டும் என்றார்கள். என் வாய் சும்மா இருந்ததா? "எங்க மச்சான் குடுத்தது ஒண்ணு கீது" என்று சொல்லிவிட்டேன். செங்கொடி கோயிலில்லாமலே சாமியாடினாள்.

மரத்துக்குப் பஞ்சமில்லை, ஹார்பரில் சரக்கு வந்திறங்கிய பலகைப் பெட்டிகள் கிடந்தன. ஆசாரிக்குத்தான் பஞ்சம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒருவர் கிடைத்தார். "உள்ளே விளக்கு எரியும், முன்னால் ஆள் நின்று பார்ப்பார்கள், காசு போட ஒரு ஓட்டை வேண்டும்" என்று குணசுந்தரி பொறுமையாக விளக்கினாள். மனிதர் அவருடைய பிழைப்பில் செய்து பழகியதைத்தான் செய்தார். மேலே கோபுரம், பக்கத்துக்கு ஒரு தூண், கதவில் வரிசையாக மணி, அசல் பூஜை அலமாரி! பிரிக்கச் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் அது மாடிப்படியில் ஏறவில்லை. கோபுரம் இடித்தது. கடைசியில் ஹார்பர் லோடுமேன்கள் ஜன்னல் கம்பியைக் கழற்றிக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். ஆட ஆட மணிகள் எல்லாம் அடித்தன, கீழே பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து காகிதம் வாங்க வருகிற லாரி டிரைவர்கள் அதன் முன்னால் செருப்பை விட்டுவிட்டு, ஓட்டையில் ஒரு ரூபாய் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நாங்களும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டோம்.

உங்கள் டிவியை நாங்கள் முதலில் தலைகீழாக மாட்டிவிட்டோம். பலகையில் மேல் பக்கம் எது என்று கப்பல்காரன் அடித்திருந்த அம்புக்குறியை நம்பியதால் வந்த வினை, ஆசாரி அந்தப் பலகையைத் திருப்பிப் போட்டிருந்தார். சுவிட்சைப் போட்டால் கடல் மேலேயும் வானம் கீழேயும், படகு கவிழ்ந்தபடியே போய்க்கொண்டிருந்தது. பாஸ்கர் முகம் சுண்டிவிட்டது. தாவூது பாயே வந்து எல்லாவற்றையும் பிரித்து மாட்டினார். டிவியின் இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டினால்தான் சத்தம் வரும் என்பதை நீங்கள் முன்பே சொல்லியிருக்கலாம்.

எல்லாம் சரியான நாள் ஆயுத பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு லீவு என்பதால் அன்று சாயங்காலமே ஆபீசில் பூஜை. நம் வீட்டில் இந்தப் பழக்கம் இல்லை, புத்தர் படத்துக்குப் பூ வைப்பதோடு சரி. ஆனாலும் ஆபீசில் பொரி மடிக்கிற வேலை வருஷா வருஷம் என்னுடையதுதான். டைப்ரைட்டர், ஃபேக்ஸ், முதலாளியின் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த குணசுந்தரி, படகுப் பெட்டிக்கும் வைத்து மாலையும் போட்டுவிட்டாள். கற்பூரம் காட்டி முடிந்ததும் எல்லாரும் பாஸ்கரைப் பார்த்தோம். முதலாளியே ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார். பாஸ்கர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பெட்டி முன்னால் போய் நின்றான். பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

"வேணாம் சார். பூஜ போட்டது. இன்னிக்கி கை வெக்கக்கூடாது."

"டேய், ஒரே ஒரு ஆட்டம்டா. பேஜாரு பண்ணாத" என்றேன்.

"படகுக்குப் பூஜ போட்டா எங்கப்பன் அன்னிக்கி கடல்ல எறங்க மாட்டாரு பீமு. இதுவும் படகுதான? இன்னா, ஓடியா போயிடும்? திங்கக்கெயம பூஜ எடுத்ததும் மதியானம் நான்தான் மொதல்ல. எவனும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். சாமி கும்பிடுகிறவர்கள் எல்லாரும் ஆடு என்கிறார்கள், இவன் ஒருத்தன் முடியாது என்கிறான். ஆனால் மச்சான், பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவனுக்கென்று ஒரு படகு இருந்தது. அதற்கு அவன் மரியாதை செய்தான். வீட்டுக்குப் போகும்போது படியில் பாதி இறங்கித் திரும்ப ஏறி வந்து, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன், நெஞ்சு கரிக்கிறது, ஒரு சோடா வாங்கி வா என்று அங்கம்மாவிடம் சொன்னானாம். சோடா வருவதற்குள் போய்விட்டான். திங்கட்கிழமை மதியம் நான்தான் முதலில் என்றவனை, திங்கட்கிழமை மதியம் எடுத்துக்கொண்டு போனோம். எனக்கு அழுகை வரவில்லை மச்சான். சுடுகாட்டில் நின்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன், கலீஜான வார்த்தைகளால் திட்டினேன். அவன் அண்ணன் வந்து தோளைப் பிடித்த பிறகுதான் அழுதேன்.

அதற்குப் பிறகு மற்ற எல்லாவற்றுக்கும் பூஜை எடுத்துவிட்டார்கள். படகுப் பெட்டிக்கு மட்டும் யாரும் எடுக்கவில்லை. நீ எடு, நான் எடு என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம், அப்படியே விட்டுவிட்டோம். மாலை காய்ந்துவிட்டது. நான் மேசையிலிருந்து நிமிர்ந்தால் இந்தப் பக்கம் காலி நாற்காலி, அந்தப் பக்கம் உங்கள் டிவி. "யாராச்சும் அத்த எடுத்துடுங்கப்பா, பாக்க முடியல" என்று முதலாளி சொல்லிவிட்டார். சரியாக அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே கழற்றி லாரியில் போட்டு அனுப்புகிறேன். திரையின் மூலையில் கொஞ்சம் சந்தனக் கறை இருக்கும், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். போர்டைத் தாவூது பாயிடமே கொடுத்துவிடுவேன். இனி என் வாழ்நாளில் அந்தப் பெட்டி முகத்தில் விழிக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முழங்காலுக்குத் தைலம் தடவச் சொல்லி செங்கொடி பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கத்துகிறாள். உங்கள் வீட்டில் இனி இடி விழாமல் எல்லாரும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
டிவியைத் திருப்பித் தரச் சித்தமாக இருக்கும்,
பீம்ராவ்

பின்குறிப்பு: மச்சான், தபாலில் போடப் பையில் வைத்திருந்த கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று மதியம் நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தபோது அங்கம்மா வந்தார். ஏதோ கையெழுத்துப் போட வந்தவர், கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியையே பார்த்தார். "அந்தாளு சொல்லிக்கினே கெடந்த படகு இதானா?" என்றார். ஆமாம் என்றேன். "கடைசில கரை வருமா பீமண்ணே? தூக்கத்துல கூட கேட்டுக்கினு இருப்பாரு." எனக்குத் தெரியாதும்மா என்றேன். யாருக்குமே தெரியாது என்றாள் குணசுந்தரி.

அங்கம்மா கூடையை ஓரமாகத் தள்ளினார். பிறகு அந்தக் காய்ந்த மாலையை அவரே கழற்றி மேசை மேல் வைத்தார். சுவிட்சைப் போட்டு ஒரு தட்டுத் தட்டினேன், சத்தம் வந்தது. அங்கம்மா பிடியைப் பிடித்து ஆட ஆரம்பித்தார், முதல் பாறையிலேயே இடித்தார். திரும்பவும் இடித்தார். "கண்ணு தெர்லியா உனுக்கு" என்று படகைத் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார், ஆனால் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. போகும்போது, "மார்க்கெட் முடிஞ்சி டெய்லி மதியானம் வருவேன். அத்தப் பாத்துட்டுதான் வுடுவேன். எவனாச்சும் டிவியக் கயட்டனீங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றும் வந்தார். இரண்டாவது பாறையைத் தாண்டிவிட்டார். ஆகவே மச்சான், டிவி கிடையாது. அங்கம்மா கரையைப் பார்க்கும் வரை கிடையாது.