நார்மனுக்கு வைத்த பேனர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனார் என்பது டாக்டர் சொல்லி உறுதியாவதில்லை. பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டினால்தான் உறுதியாகும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று எதுவானாலும் கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் பேனர் இருந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. பேனரில் முகம் வராத ஆம்பளை ஊரில் இருந்தும் இல்லாத மாதிரி. இருபத்தெட்டு வயது வரை நானும் அப்படி இல்லாமல்தான் இருந்தேன். முதல்முதலாக என் முகம் பேனரில் வந்த அன்றைக்கு உண்மையாகவே இல்லாமல் போனேன்.

அதற்கு முன்னால் நார்மனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நார்மன் இங்கிலாந்துக்காரர். எங்கள் அப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தலைமுடியை இடுப்பு வரை வளர்த்துக்கொண்டு ஐந்து பேர் ஒரு ராக் பாட்டுக் குழு நடத்தினார்கள். அதில் டிரம்ஸ் அடிப்பவர் அவர். குழுவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் உச்சரிப்பு தப்பு என்று சொல்ல ஓசூரிலிருந்து நாலு பேர் கிளம்பி வருவார்கள். அந்த நாலு பேரும் ரசிகர்கள். ஓசூர் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த பெங்களூர்க்காரர் ஒருவர் கொடுத்த பென் டிரைவில் ஆரம்பித்தது இந்த வியாதி. எனக்குப் பிடித்து, என் வழியாகக் கடத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் குமரேசனுக்கும் தொற்றியது. பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை முழுசாகத் தெரியாது. (தெரிந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்போம்.) ஆனால் நார்மன் அடிக்க ஆரம்பித்தால் எங்களுக்கு ஒரு மொழியும் தேவைப்படவில்லை. மாரியம்மன் பண்டிகையில் மேளம் அடிக்கும்போது கால் தானாக ஆடும் இல்லையா, அதே கால்தான் இதற்கும் ஆடியது.

'நார்மன் ரசிகர் மன்றம், கடத்தூர்' என்று ஒன்றையும் ஆரம்பித்தோம். தலைவர் நான். செயலாளர் குமரேசன். உறுப்பினர்கள் இனிமேல்தான் சேர வேண்டும்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் போகும், வரும். கடைசியில் நல்லம்பள்ளிப் பக்கம் தக்காளி விவசாயம் பண்ணும் ஒருவரின் மகள் கலைவாணி ஜாதகம் பொருந்தியது. அவளுக்குத் தர்மபுரியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. ஒரு கல்யாணத்தில் வைத்துப் பெரியவர்கள் எங்களைப் பத்து நிமிஷம் பேச விட்டார்கள். "பாட்டெல்லாம் கேப்பீங்களா?" என்று கேட்டேன். "பஸ்ல போடற பாட்டுதாங்க. நமக்குப் புடிச்சது எங்க போடறாங்க" என்றாள். அந்த ஒரு பதிலில் நான் விழுந்துவிட்டேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்து, வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. வீடு பிடித்தால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மதியம் ரசிகர்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நார்மன் காலமானார்.

நான் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று நன்றாகவே அழுதேன். குமரேசனுக்குப் போன் செய்தால் அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். "பேனர் வெக்கணும்டா" என்றான். "ஊருல எவன் எவனுக்கோ வெக்கறாங்க. நம்ம நார்மனுக்கு நாம வெக்கலன்னா யாருடா வெப்பா?"

நியாயம்தான். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அழுகைக்கு நடுவிலும் என் மூளை வேறு ஒரு பக்கம் வேலை செய்தது. நாளைக் காலை பெண் வீட்டார் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் வர வேண்டும். பேனரில் என் முகமும் இருந்தால், மாப்பிள்ளை ஊரில் ஒரு ஆள் என்று அவர்களுக்குத் தெரியுமே? நார்மன் சொந்தக்காரர் இல்லை, அதனால் தீட்டும் இல்லை. எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக நினைத்தேன்.

"என் போட்டோவையும் அனுப்பு. மாதேஷ்ங்கற பேரு நல்லா பெருசா வரணும்னு சொல்லு" என்றேன்.

குமரேசன் தர்மபுரியில் ஒரு பேனர் கடைக்கு மூன்று போட்டோ அனுப்பினான். நார்மனுடையது இணையத்தில் எடுத்த தீப்பெட்டி அளவுப் படம். அவனுடையது ஆதார் அட்டையில் இருப்பது. என்னுடையது, பெண் வீட்டுக்குக் கொடுப்பதற்காக ஸ்டுடியோவில் கோட்டு போட்டு எடுத்த படம். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "கண்ணீர் அஞ்சலி பேனருங்க. மாதேஷ்னு பெருசா போட்டுருங்க. கீழ நார்மன் ரசிகர் மன்றம், கடத்தூர். விடியறதுக்குள்ள கட்டிருங்க."

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் வெளியூர்க்காரர், எங்களைத் தெரியாது. அவர் மேல் இன்றுவரை எனக்குக் கோபமே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பேனர் என்றால் தலைவர்கள் படம் மேலே சின்ன வட்டத்தில் வரும். வெள்ளைக்காரர் படத்தை அங்கே வைத்தார். பெரிதாக்கினால் அது கட்டம் கட்டமாக உடைகிறது வேறு. நடுவில் மாலை போட்ட பெரிய வட்டத்துக்குத் தெளிவான படம் ஒன்றுதான் இருந்தது. மாதேஷ் என்று பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டார். கேட்காமலே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, 'எங்களை விட்டு எங்கே சென்றாய்?' என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தார்.

ஞாயிறு விடியற்காலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வீடு ஊரிலிருந்து தள்ளி வயல்காட்டுக்குள் இருக்கிறது. பார்த்தவர்கள் என் போனுக்கு அடித்திருக்கிறார்கள். போன் என்னிடம் இல்லை. என் ரிங்டோனில் நார்மன் குழுவின் பாடகர் கத்துவார். "நல்ல காரியம் நடக்கற வூட்ல இது என்னாடா ஒப்பாரி?" என்று அப்பா அதைப் பிடுங்கி, அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

அப்புறம் அப்பாவுக்குப் போன் வந்தது. கடத்தூர் உரக்கடைக்காரர். தழுதழுத்த குரலில், "கேள்விப்பட்டங்க. எத்தன மணிக்குங்க?" என்றார்.

அப்பாவுக்கு ஒரே பெருமை. விஷயம் அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டதே! "பதனோரு மணிக்குள்ள எல்லாரும் வந்துருவாங்க. வெயிலு ஏறதுக்கு முன்ன முடிச்சுரலாம். நீங்களும் வந்துருங்க" என்றார். உரக்கடைக்காரர் வேறு யாராருக்குச் சொன்னாரோ.

பெண் வீட்டு வேன் பழமும் பூவும் வாங்கக் கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றது. என் கோட்டுப் போட்டோ கலைவாணியின் பெரியம்மா பைக்குள் இருந்தது. அதே போட்டோ, அதே சிரிப்பு, கதவு அளவில் எதிரே தொங்கியது.

அங்கே நடந்ததை எனக்குப் பின்னால் சொன்னவர் கலைவாணியின் அப்பா, என் மாமனார். அவள் பெரியப்பா உடனே வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கிறார். இன்னும் தட்டுகூட மாற்றவில்லை, நமக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். மாமனார் ஒப்புக்கொள்ளவில்லை. "பாத்துட்டுத் திரும்பிப் போறது மனுசத்தனமா? வந்தது வந்துட்டோம். பையன் மூஞ்சிய ஒருக்கா பாத்து ஒரு மாலையப் போட்டுட்டுப் போலாம்" என்று சொல்லி, மகளுக்குப் போனில் தகவல் சொல்லிவிட்டு, பழத்தட்டை வண்டியிலேயே வைத்துவிட்டு, பெரிய ரோஜா மாலை ஒன்றை வாங்கிக்கொண்டார்.

சாவு வீட்டுக்குப் போகும் பெண்கள் தெருமுனையிலேயே அழ ஆரம்பித்துவிட வேண்டும். அது எங்கள் பக்கத்து மரியாதை. பெரியம்மா மரியாதை தெரிந்தவர். "ஆள மயக்கும் சிரிப்பழகா, அரும்பு மீசைக்காரா" என்று ராகம் போட்டுக்கொண்டே வேனிலிருந்து இறங்கினார்.

வாசலில் குங்குமத் தட்டோடு நின்ற என் அம்மா வெலவெலத்துப் போனார். வருகிற வழியில் அவர்கள் குடும்பத்தில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார். அழுதுகொண்டு வருபவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுவதுதான் முறை. தட்டை அப்பாவிடம் தள்ளிவிட்டு, "ஐயோ, இப்பிடி ஆயிப்போச்சே!" என்று பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். யார் செத்தது என்று தெரியாமலே அம்மா ஒரு முழுப் பாட்டு அழுதார்.

கூப்பிட்டால்தான் வெளியே வர வேண்டும் என்பது எனக்கு இட்டிருந்த உத்தரவு. சத்தம் கேட்டுத் தாங்க முடியாமல் வந்துவிட்டேன். புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, முகத்தில் பவுடர். அவர்கள் எதிர்பார்த்து வந்த கோலத்திலேயேதான் இருந்தேன். படுத்திருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முந்தின நாள் முழுக்க ஒத்திகை பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தேன். இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க" என்றேன்.

பெரியம்மா பாதி ஒப்பாரியில் நிறுத்தினார். மாமனார் கையிலிருந்து மாலை விழுந்தது. எங்கள் வெள்ளாடு அதை நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. ஒருவரும் ஆட்டை விரட்டவில்லை.

பத்து நிமிஷம் கழித்து எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பெரியப்பா விசாரணையை ஆரம்பித்தார்.

"யாருங்க அந்த நார்மன்?"

"மோளம் அடிக்கறவருங்க."

"நம்ம பக்கமா?"

"இங்கிலாந்துங்க."

"நீங்க நேர்ல பாத்துருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அவருக்கு உங்களத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க."

அதற்குள் உரக்கடைக்காரர் தலைமையில் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு மாலையோடு வாசலில் வந்து, என்னைப் பார்த்து, அப்படியே நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு குமரேசன் ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. பேனரைப் பார்த்துவிட்டுத்தான் ஓடி வருகிறான் என்று நினைத்தேன். அவன் பேனரையே பார்க்கவில்லை.

"மாதேசு! நார்மன் சாவலடா! பொய் நியூஸாம்! நல்லா இருக்காராம்டா!"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தலையைக் குனிந்து நின்றிருக்க வேண்டும். குதித்தேன். பெண் வீட்டார் முன்னால், வேட்டி அவிழ, குமரேசனைக் கட்டிக்கொண்டு குதித்தேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷம் உண்மை.

பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அவரும் சாவல, இவரும் சாவல. அப்பறம் நாங்க எதுக்குங்க அழுதோம்?" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் வேன் கிளம்பிவிட்டது. கேசரியும் பஜ்ஜியும் மாலையோடு வந்த ஊர்க்காரர்களுக்குப் பயன்பட்டன. "துக்கத்துக்கு வந்து இனிப்பு திங்கறது இதான் மொத தடவ" என்று உரக்கடைக்காரர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "உனக்குப் பொண்ணு இங்கிலாந்துலதான் பாக்கணும்" என்றார். நார்மன் பிழைத்த சந்தோஷமெல்லாம் வடிந்துபோயிருந்தது. கலைவாணி போய்விட்டாள், அதுவும் என் முகம் பேனரில் வர வேண்டும் என்ற ஆசையால் போய்விட்டாள் என்பதுதான் மனசில் நின்றது.

ஓசூருக்குத் திரும்பிய பிறகு தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"கலைவாணி பேசறங்க. உசுரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கங்க."

"பஸ் ஸ்டாண்டுலருந்து அப்பா போன் பண்ணிச் சொன்னாரு. அழுதுட்டங்க. பத்து நிமிசம் பேசுன ஆளுக்கு இத்தன அழுவ வருதேன்னு எனக்கே ஆச்சரியமா போச்சு. எங்க வூட்ல எல்லாரும் பாத்துட்டாங்க. பெரியப்பா வேணாங்கறாரு. செத்துட்டீங்கன்னு அழுதுட்டு, உசுரோட இருக்கீங்கன்னதும் வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பெரியம்மா உங்களுக்கு ஆயுசு கெட்டியாம், கண்டம் கழிஞ்சுருச்சாம்னு சொல்லிட்டு இருக்காங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். கல்யாணத்துக்குப் பேனர் வெக்கக் கூடாது."

வைக்கவில்லை. கடத்தூர்க் கணக்குப்படி எங்கள் கல்யாணம் இன்னும் நடக்கவே இல்லை.

எங்கள் மகளுக்குத் தூங்கப்போகும்போது அரசன் கதை வேண்டாம், "அப்பா செத்த கதை"தான் வேண்டும். என் அம்மா அன்று அழுத பாட்டை அவளே இப்போது முழுசாகப் பாடுவாள். எனக்குச் சளி பிடித்தால் என் மனைவி, "ஒருக்கா செத்தவருக்கு ஒண்ணும் ஆவாது" என்று கஷாயம் வைக்க மறுப்பாள்.

போன வருஷம் நார்மன் நிஜமாகவே போய்விட்டார். ஒன்றுக்குப் பத்து இடத்தில் சரிபார்த்தேன். பேனர் வைக்கவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக் கலைவாணிதான் அவள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் மாமனார் நல்லம்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ரோஜா மாலை. உள்ளே வந்ததும் முதல் வேலையாக என் தோளைத் தொட்டு அழுத்திப் பார்த்தார்.

"இந்தத் தடவ நெசந்தானுங்களா மாப்ள?"

"நெசந்தான் மாமா."

"பாவம். நல்ல மனுசன். அவராலதான் நமக்கு நெருக்கமே ஆச்சு. படம் எங்க?"

வீட்டில் படம் எதுவும் இல்லை. மகள் என் ஸ்பீக்கரைத் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தாள். மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு மாலையை அதன்மேல் போட்டார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாவு வூட்ல மோளம் இல்லாம எப்பிடிங்க மாப்ள? அவரையே அடிக்கச் சொல்லுங்க."

போட்டேன்.