கிழவன் என்றால் தலைவன்

நாற்பத்தேழு வயது ஒரு வயதா? நீங்களே சொல்லுங்கள். தலையில் முடி இருக்கிறது. எண்ணினால் எண்ணி முடித்துவிடலாம், ஆனாலும் இருக்கிறது. அப்படிப்பட்ட என்னை, போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தன் அக்காவிடம் போனில், தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னாள்:

"எங்க வீட்டுக் கிழவன் இன்னும் எந்திரிக்கல!"

போர்வையை உதறிக்கொண்டு பாய்ந்தேன்.

"யாருடி கிழவன்?"

"நீங்கதான். வேற யாரு இருக்கா இங்க?"

"வாய் ரொம்ப நீளுது!"

"கோவப்படாதீங்க. நீங்க பிழை திருத்துற அகராதியைப் பாத்துத்தான் சொன்னேன். கிழவன்னா உரியவன், தலைவனாம். ஆசையா சொன்னா அதுக்கும் சண்டையா?"

நான் அகராதி அச்சிடும் பதிப்பகத்தில் வேலை பார்ப்பவன். 'சொல்லோட பழைய பொருளை எல்லாரும் மறந்துட்டாங்க' என்று பத்து வருடமாக இவளிடம் சாப்பாட்டு வேளையில் புலம்பியவனும் நான்தான். பக்கத்தைப் புரட்டினேன். முதலில் உரியவன். அடுத்து தலைவன். முதியவன் மூன்றாவதாகப் பதுங்கியிருந்தான். ஒரு பிழை கிடையாது. நானே திருத்திய பக்கம்! "சரி, ஒத்துக்கறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆனால் விடுவேனா? மறுநாள் காலை, பக்கத்து வீட்டு வக்கீல் பேப்பர் இரவல் வாங்க வந்த நேரம் பார்த்து முழங்கினேன்:

"ஏ கிழவி! டீ கொண்டா!"

துடித்துப்போவாள் என்று காத்திருந்தேன். சிரித்துக்கொண்டே டீயோடு வந்தாள்.

"வக்கீல் சார், கேட்டீங்கல்ல? கிழவின்னா உரியவள், தலைவி. இந்த வீட்டுக்கு உரியவ நான்தான்னு இவர் வாயாலேயே சொல்லிட்டார். நீங்க சாட்சி."

"சாட்சிதாம்மா" என்று வக்கீல் என் டீயை எடுத்துக்கொண்டார்.

"இந்தக் காலத்துல யாருய்யா அந்த அர்த்தத்துல பேசறா?" என்று கத்தினேன்.

"நேத்து ஒத்துக்கிட்டீங்களே! கிழவனுக்கு ஒரு அகராதி, கிழவிக்கு ஒரு அகராதியா?"

"அது வந்து..."

"எதுவும் வரவேண்டாம். முன்னறையில என் தையல் மிஷின் வரப்போகுது. உங்க மேசை, புத்தகம் எல்லாம் பின்வராந்தாவுக்குப் போகட்டும்."

முன்னறை! மூன்று வருடமாக அவள் கேட்டு, நான் மறுத்து வந்த முன்னறை! வீட்டில் வெளிச்சம் வரும் ஒரே அறை!

"அத்தனையும் பழைய பொருள்டி!"

"பழைய பொருளுக்குத்தான் மதிப்புன்னு நீங்கதானே சொல்லுவீங்க? பாத்துத் தூக்குங்க."

மேசையின் ஒரு காலை வக்கீல் பிடித்தார். மீதி மூன்றையும் நான் பிடித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆபீசுக்கு லீவு.

மத்தியானம் பெயின்டர் ஒரு பெயர்ப்பலகையோடு வந்து நின்றார். 'முன்னறைத் தையலகம்' என்று எழுதியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. அவரை ஓரமாக இழுத்து, "இதை எப்பய்யா எழுதக் கொடுத்தாங்க?" என்றேன்.

"போன மாசம் சார். 'திங்கக்கிழமை மத்தியானம் வந்து மாட்டுங்க, அதுக்குள்ள அவரே காலி பண்ணிக் குடுத்துடுவார்'னாங்க."